நெல் பூவை நுண்ணோக்கியில் பார்த்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, மகள் எம்.எஸ்சி. தாவரவியலில் நெல் பூவின் இனப்பெருக்க செல்களின் நுண்ணமைப்பை ப்ராஜெக்ட்டாக எடுத்திருக்கிறாள், இதற்கு வேலை உண்டா, பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தலைப்பு நல்ல தலைப்புதான். அதை எந்தக் கேள்வியோடு சேர்த்துப் படிக்கிறாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நெல் போடுகிறவர் நீங்கள், பதர் எப்படி விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். பூக்கிற நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, தூள் பூவின் பெண் உறுப்பான சூல்முடியில் போதுமான அளவு விழாது, மணி பிடிக்காது. வீரிய ஒட்டு நெல்லில், தாய்ச் செடி தன் மகரந்தத்தாலேயே கருவுறாமல் வேறு ரகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதற்காக, இது மாதிரி ஒரு மலட்டுத்தன்மையை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த ஒரு காட்டு நெல் செடியிலிருந்து வந்த குணம் அது: மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள கோளாறால், மகரந்தத்துக்குச் சாப்பாடு போடும் டபீட்டம் என்ற அடுக்கு காலத்துக்கு முன்பே செத்துப்போகிறது. அயோடினில் போட்டால் நல்ல மகரந்தம் கருநீலமாகும், மலட்டு மகரந்தம் ஆகாது. இவ்வளவுக்குச் சாதாரண நுண்ணோக்கியே போதும், ஆனால் செல்லுக்குள் எது முதலில் கெட்டது என்று கண்ணால் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

பெண் பக்கமும் சும்மா இல்லை. 2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நெல்லின் முட்டை செல்லில் ஒரு மரபணுவை இயங்கவைத்து, மரபுப் பொருளைப் பாதியாக்கும் குன்றல் பிரிவையும் தடுத்து, முட்டை கருவுறாமலே தாயை அப்படியே ஒத்த விதையை எடுத்துக் காட்டினார்கள். ஒட்டு நெல்லில் இது வயல்வரை வந்துவிட்டால் விவசாயி வருஷா வருஷம் விதை வாங்க வேண்டியதில்லை. (விதைக் கம்பெனிகளுக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்பது வேறு கதை.)

சரி, வேலை. நிரந்தர விஞ்ஞானி பணியிடங்கள் குறைவு, பிஎச்.டி. இல்லாமல் பெரும்பாலும் எட்டாது, அதற்கு ஐந்தாறு வருஷம் போகும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் வரும், உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம், ஹைதராபாத், கட்டாக் நெல் ஆராய்ச்சி நிறுவனங்களில் முயற்சி செய்யலாம். அதற்குப் போகவில்லை என்றாலும் கைத்தொழில் ஒன்று மிஞ்சும்: எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காகத் திசுவை குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்தி, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் 60 முதல் 90 நானோமீட்டர் மெல்லிசாகச் சீவுவது. சீவல் தண்ணீரில் மிதக்கும்போது வெள்ளி நிறத்தில் பளபளத்தால் சரியான கனம், தங்க நிறமாகத் தெரிந்தால் தடிமன் கூடிவிட்டது. ஏறக்குறைய இதே வேலையைத்தான் சிறுநீரகத் திசுவைப் பரிசோதிக்கும் லேப்களிலும் செய்கிறார்கள்.

பி.எட். எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம்கூடப் படிக்கலாம். இப்போது மகளை கைடிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: திசுவைச் சீவுவதும் கருவியில் உட்காருவதும் அவளா, இல்லை ஆபரேட்டர் எடுத்துத் தரும் படத்தை ஒட்டி ரிப்போர்ட் எழுதுவதா? இரண்டாவது என்றால், கருவி இருக்கும் வேறு நிறுவனத்தில் ப்ராஜெக்ட் செய்ய இப்போதே அனுமதிக் கடிதம் கேட்கட்டும், செமஸ்டர் தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.