ஒரு வருஷம் ஊர் சுற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

‘வேலைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால் என்ன?’ என்று போன இதழில் போகிற போக்கில் கேட்டுவிட்டேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டிருப்பது ‘எந்த நாடு அழகு?’ என்று. அழகில்லாத நாடு எங்கே இருக்கிறது? விசா ஃபைல் கட்டியே தலை நரைத்தவள் நான். எனக்குத் தோன்றும் முதல் கேள்வி வேறு: எந்த நாடு உங்களைச் சட்டப்படி வேலை பார்க்க விடும்?

வயது 24. பி.இ. முடித்து இரண்டு வருஷமாகக் கோவையில் வேலை. கையில் நாலரை லட்சம் இருக்கிறது. பனியில் சறுக்கணும், கடலுக்கடியில் போகணும், கூடாரம் போட்டுத் தூங்கணும். எட்டு நாடுகளுக்கு லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். சரியா?
– வாசகி, நாமக்கல்

லிஸ்ட்டைப் பார்த்தேன் கண்ணு. ஐஸ்லாந்து, பெரு, ஜப்பான் என்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு நாடு என்றால் ஏறக்குறைய எட்டு விசா. அதில் ஒவ்வொன்றுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட், ஓட்டல் புக்கிங், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் காட்டணும். சுற்றுலா விசாவில் ஒரு பைசா சம்பாதிக்க முடியாது. நாலரை லட்சம் நாலைந்து மாதத்தில் கரைந்துவிடும். மீதி மாதங்களுக்கு அப்பாவிடம் கையேந்துவாயா?

லிஸ்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆஸ்திரேலியாவின் 462 விசாவைப் பார். ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ என்று பெயர். 2024-இல்தான் இந்தியர்களுக்குத் திறந்தார்கள். வருஷத்துக்கு 1,000 இடம். வயது 18 முதல் 30 வரை. கல்லூரியில் குறைந்தது இரண்டு வருஷம் முடித்திருக்கணும். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் என்ற தேர்வில் சராசரி 4.5 போதும். ஆட்கள் அதிகம் என்பதால் குலுக்கல் வைக்கிறார்கள். பேர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர். சீட்டு விழாவிட்டால் அது போனது போனதுதான்.

விழுந்தால் கையிருப்பாக 5,000 டாலர் காட்டணும், நம் காசில் சுமார் 3 லட்சம். விசா கட்டணம், டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. உன் நாலரை லட்சம் இழுத்துப் பிடித்தால் போதும். ஒரு வருஷம் இருக்கலாம். எந்த வேலையும் பார்க்கலாம், ஆனால் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. ஊர் சுற்ற வருகிறவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. உனக்கு அதுவே நல்லது.

வருஷத்தை அங்கத்திய பருவத்தோடு சேர்த்துப் போடு. நம் கார்த்திகை, மார்கழி அவர்களுக்குக் கோடை. நவம்பர் கடைசியில் டாஸ்மேனியாத் தீவில் இறங்கினால் டிசம்பர், ஜனவரியில் ஹியூவான் பள்ளத்தாக்கில் செர்ரி பறிக்கும் வேலை. காலை இருட்டோடு தோட்டத்துக்குப் போகணும். பக்கெட்டை முன்பக்கம் வாரில் மாட்டிக்கொண்டு, பழத்தைக் காம்போடு திருகிப் பறிக்கணும். காம்பு போனால் பழம் தள்ளுபடி. மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. கையில் காசு சேர்ந்ததும் அதே தீவில் ஓவர்லேண்ட் டிராக் நடக்கலாம், 65 கிலோமீட்டர், கூடாரத்தோடு. அந்த நடைக்கு முன்பதிவு கட்டாயம். ஜூனில் பனி விழும்போது நியூ சவுத் வேல்ஸின் ஜிண்டபைன் பக்கம் போ. த்ரெட்போ, பெரிஷர் சறுக்கு மைதானங்களுக்குச் சமையலறையிலும் அறை சுத்தம் செய்யவும் ஆள் வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கணும். பனி முடிந்து செப்டம்பர் கடைசியில் வடக்கே கெய்ர்ன்ஸுக்குப் போனால் பவளத்திட்டில் முக்குளிக்கலாம். நவம்பருக்குப் பிறகு அந்தக் கடலில் கொட்டும் சொறிமீன் வந்துவிடும். ஆகவே கடலை மழைக்காலத்துக்குத் தள்ளிப்போடாதே.

சம்பள விஷயம்: 2025 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் என்று வைத்தார்கள். நிரந்தரமில்லாத ஆளுக்கு அதற்கு மேல் 25 சதவீதம் கூட. இறங்கியதும் டி.எஃப்.என். என்ற வரி எண்ணுக்கு எழுதிப்போடு. உன் மாதிரி விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி. சூப்பர் என்று நம் பி.எஃப். போல ஒன்றை முதலாளி போடுவார். நாட்டை விட்டுக் கிளம்பும்போது எடுத்தால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். அதை வருமானம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளாதே.

சீட்டு விழாவிட்டால்? பிரிட்டனில் ‘யங் புரொஃபஷனல்ஸ்’ என்று இந்தியர்களுக்காகவே ஒரு குலுக்கல். வருஷத்துக்கு 3,000 இடம், பட்டம் கட்டாயம், 2,530 பவுண்டு கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்கணும். பேர் கொடுக்கக் காசு இல்லை. பொதுவாகப் பிப்ரவரியிலும் ஜூலையிலும் ஓரிரு நாள் மட்டும் திறப்பார்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்கணும். விசா இரண்டு வருஷத்துக்கு. ஆனால் மருத்துவ வரி மட்டும் வருஷத்துக்கு 776 பவுண்டு, இரண்டு வருஷத்தையும் சேர்த்து முன்கூட்டியே கட்டணும். இதுவும் அந்த 2,530 பவுண்டும் சேர்ந்தால் உன் பணம் முழுக்க ஓடிவிடும். முதலில் ஆஸ்திரேலியா.

ஹாஸ்டலில் தினம் நாலு மணி நேரம் கூட்டிப் பெருக்கினால் படுக்கையும் காலை டிபனும் இலவசமாம். சம்பளமே இல்லையே, அது வேலையா?
– வாசகர், மதுரை

ஆமாம், வேலைதான். படுக்கைக்கும் இட்லிக்கும் விலை இருக்கிறதே, அதுதான் கூலி என்று பல நாட்டு அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு 30 நாள் வரை தொண்டு செய்யலாம், அவ்வளவுதான். பெரும்பாலான ஹாஸ்டல்கள் தொண்டு நிறுவனம் இல்லை. இமிக்ரேஷனில் உங்கள் போனை வாங்கி, ஹாஸ்டல்காரரோடு நீங்கள் பேசிய வாட்ஸப்பைப் படித்துவிட்டு அடுத்த ஃபிளைட்டில் ஏற்றி அனுப்பினால், அந்த மறுப்பு பிற்பாடு எந்த நாட்டு விசா ஃபாரத்திலும் உங்கள் கூடவே வரும்.

மகன் டிகிரி முடித்துச் சும்மா இருக்கிறான். டெலிகிராமில் ஓர் ஆள், ‘தாய்லாந்தில் ஒரு வருஷம், டிக்கெட் இலவசம், தங்குமிடம் இலவசம், கம்ப்யூட்டரில் டைப் அடித்தால் மாதம் 80,000, லீவு நாளில் தீவு சுற்றலாம்’ என்கிறாராம். பையன் துள்ளுகிறான். அனுப்பலாமா?
– ஒரு தகப்பனார், தூத்துக்குடி

சார், முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

2022-இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் இப்படி ஒரு பேச்சை நம்பித்தான் பாங்காக்கில் இறங்கினார்கள். அங்கிருந்து காரில் மே சோட் எல்லை. ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் ஆன்லைனில் பேசிப் பணம் பறிக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி. அரசாங்கம் தலையிட்டு ஆளை மீட்க வேண்டியதாயிற்று. கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை நடக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். தாய்லாந்தில் விசா இல்லாமல் இறங்கும் சலுகை சுற்றிப் பார்க்கத்தான். சம்பளத்துக்கு வேலை செய்ய அதற்குரிய விசாவும் வொர்க் பர்மிட்டும் வேண்டும். ‘முதலில் டூரிஸ்டாக வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது, அதில் அந்த ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும், மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கின்றன. போய்க் கேட்டால் சொல்வார்கள்.

பையனின் ஆசையில் தப்பில்லை, வழிதான் தப்பு. அவனுக்குச் சின்னப் பிள்ளைகளைப் பிடிக்குமா? ஜெர்மனியில் ஓ-பேர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு குடும்பத்தோடு தங்கி, வாரம் 30 மணி நேரம் வரை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலையில் உதவணும். பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு, அறை, இன்ஷூரன்ஸ் அவர்கள் பொறுப்பு, கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ. விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது. ஏ1 அளவு ஜெர்மன் தெரியணும். அதைச் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் சில மாதத்தில் படித்துவிடலாம். மாதம் 80,000 வராதுதான். ஆனால் பாஸ்போர்ட் அவன் பையிலேயே இருக்கும்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஒரே ராத்திரியில் ஏறி இறங்கினேன், கால்கூட வலிக்கவில்லை. ஒரு வருஷப் பயணத்தை எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஏஜெண்ட் இல்லாமல் குறைந்த செலவில் போக வழி சொல்லுங்கள்.
– வாசகர், சேலம்

தம்பி, கால் நன்றாக இருக்கிறது, சந்தோஷம். அங்கே சோதனை காலுக்கு இல்லை, மூச்சுக்கு. வெள்ளியங்கிரி 2,000 மீட்டரைத் தொடாது. பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் பாதிதான் அங்கே கிடைக்கும். வேகமாக ஏறுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள், உங்களைப் போன்ற இளவட்டங்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளில் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள், டிங்போசேயில் இன்னொரு நாள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் யாரையும் கேட்காமல் இறங்கிவிடணும், அது நடு ராத்திரியாக இருந்தாலும்.

நாம்சேக்கு ஏறும் கடைசி ஏற்றத்தில் நான் பத்து அடிக்கு ஒரு தரம் நின்றேன். பக்கத்தில் ஒரு பையன் தலையில் பட்டை போட்டு கேஸ் சிலிண்டர் சுமந்துகொண்டு விசிலடித்தபடி என்னைத் தாண்டிப் போனான். நிற்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

செலவைக் குறைக்க ரயிலில் போங்கள். கோரக்பூர் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் உங்கள் சேலம் வழியாகவே போகிறது. அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை, அப்புறம் காத்மாண்டு. நமக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருக்கணும். ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள், உங்கள் வயதுக்கு அது செல்லாது. நம் 100 ரூபாய் அவர்களுடைய 160. சாகர்மாதா தேசியப் பூங்கா அனுமதிச் சீட்டில் சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்குத் தனிக் கட்டணம், 1,500 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. கவுண்டரில் இந்தியர் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நடை தொடங்கும் லுக்லாவுக்குப் போகும் விமானம் மேகம் வந்தால் நின்றுவிடும். திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் சும்மா விட்டு வையுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இன்ஷூரன்ஸ். சாதாரணப் பாலிசி பல 3,000 அல்லது 4,000 மீட்டரோடு நின்றுவிடும். 5,500 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உட்பட, என்று எழுத்தில் இருக்கணும். சாதாரணத் தலைவலிக்கே ஹெலிகாப்டர் வரவழைத்து இன்ஷூரன்ஸ் பணம் கறந்த கூட்டத்தை 2018-இல் நேபாள அரசே விசாரித்தது. ஹெலிகாப்டரில் ஏறுவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் பேசுங்கள், யாரோ இழுக்கிற இழுப்புக்குப் போகாதீர்கள். முதல் தடவை என்பதால் ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

பெண்ணுக்கு வயது 25. ஒரு வருஷம் போய் வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு தாயார், காரைக்குடி

‘போயிருந்தாள், வந்துவிட்டாள்’ என்று சொல்லுங்கள் ஆச்சி. கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் மூன்று வருஷம் கழித்து வந்தவர்கள் உங்கள் ஊர் ஆண்கள். அவர்களுக்குப் பெண் கொடுக்க யாரும் யோசிக்கவில்லையே.

கென்யாவும் உகாண்டாவும் பார்க்க ஆசை. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? எங்கே போடுவார்கள்?
– வாசகர், வேலூர்

கட்டாயம். போகும்போது கேட்காவிட்டாலும் திரும்பும்போது நம் விமான நிலையத்திலேயே கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதற்கேற்ப டிக்கெட் எடுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு தரம் போட்டால் ஆயுசுக்கும் போதும். மஞ்சள் நிறச் சிறு புத்தகம் கொடுப்பார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

மகளுக்கு ஆஸ்திரேலியா விசா கிடைத்துவிட்டது. ஊறுகாய், பருப்புப் பொடி, கறிவேப்பிலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா?
– வாசகி, ராஜபாளையம்

பால்கோவாவையும் கறிவேப்பிலையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கால்நடை நோய்ப் பயத்தால் நம் ஊர்ப் பால் இனிப்புகளை உள்ளே விடமாட்டார்கள். பச்சை இலையும் விதையும் அப்படித்தான். பொடியும் ஊறுகாயும் கடையில் வாங்கி, சீல் பிரிக்காமல், பேர் அச்சடித்த பாக்கெட்டாக இருக்கட்டும். விமானத்தில் கொடுக்கும் அட்டையில் ‘உணவு வைத்திருக்கிறீர்களா’ என்ற இடத்தில் அவள் ‘ஆம்’ என்றே டிக் அடிக்கணும். சொல்லிவிட்டால் அதிகாரி திறந்து பார்த்து, கூடாததை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார். மறைத்து மாட்டினால் அபராதம், விசாவையே ரத்து செய்யவும் முடியும். அங்கே ஒன்றும் பட்டினி இல்லை. சிட்னியில் வென்ட்வொர்த்வில், மெல்போர்னில் டான்டெனாங் பக்கம் போனால் இட்லி அரிசியிலிருந்து அப்பளம் வரை நம்மவர் கடைகளில் கிடைக்கும். அவள் செர்ரித் தோட்டத்தில் இருக்கும் மாதங்களுக்கு மட்டும் பருப்புப் பொடி ஒரு பாக்கெட் கூடுதலாக வைத்து அனுப்புங்கள்.