அயனிச் சேர்மம், அதாவது நேர், எதிர் மின்சுமை கொண்ட அயனிகளால் ஆன பொருள், திண்ம நிலையில் மின்சாரத்தைக் கடத்தாது, உருகினால் கடத்தும். இது நடைமுறையில் எங்கே பயன்படுகிறது?

முதல் பாதி உங்கள் குளியலறை கீசரிலேயே இருக்கிறது. எரிந்துபோன கீசர் காயில் ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன். நடுவே சுருளாக நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பி, வெளியே உலோகக் குழாய், இரண்டுக்கும் இடையில் இறுக அடைத்த வெள்ளைப் பொடி. அதுதான் மெக்னீசியம் ஆக்சைடு, அசல் அயனிச் சேர்மம். கம்பியின் சூடு தண்ணீருக்குப் போக வேண்டும், 230 வோல்ட் மட்டும் போகக் கூடாது. இரண்டுக்கும் அந்தப் பொடிதான் பொறுப்பு.

மெக்னீசியம் விட்டுக்கொடுத்த இரண்டு எலக்ட்ரான்களையும் ஆக்சிஜன் பிடித்து வைத்திருக்கிறது. உலோகத்தில் இருப்பதுபோல் ஊர்சுற்றும் எலக்ட்ரான் இங்கே கிடையாது. ஒவ்வொரு அயனியையும் எதிர் மின்சுமையுள்ள ஆறு அயனிகள் சூழ்ந்து நிற்பதால் அயனிகளாலும் நகர முடியாது. ஆனால் நின்ற இடத்திலேயே அதிரலாம். அந்த அதிர்வு பக்கத்து அயனிக்குத் தாவித் தாவித்தான் வெப்பம் வெளியேறுகிறது.

உருகுநிலையைப் பாருங்கள். சாப்பாட்டு உப்பிலும் இதே அடுக்குமுறைதான். அது 801 டிகிரி செல்சியஸில் உருகும். மெக்னீசியம் ஆக்சைடு 2800 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். உப்பில் மின்சுமை +1, -1. இதில் +2, -2, போதாததற்கு அயனிகளுக்கு இடையே தூரமும் குறைவு. 'உயர்ந்த உருகுநிலை' என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் கடந்துவிடுகிறது. எனக்கு அந்த 2000 டிகிரி வித்தியாசம்தான் சுவாரசியம்.

கட்டியாக வைக்காமல் ஏன் பொடி? காயிலை வளைக்க வேண்டுமே! படிகத்தில் ஓர் அடுக்கு கொஞ்சம் நகர்ந்தாலே நேர் அயனிக்கு எதிரே நேர் அயனி வந்து, ஒன்றையொன்று தள்ளி, கட்டி பிளந்துவிடும். அதனால் பொடியைக் கொட்டி, குழாயை வெளியிலிருந்து அழுத்திச் சிறுக்கி இறுக்குகிறார்கள். இதன் எதிரி ஈரம். குழாயில் விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே இறங்கினால் மின்கசிவுதான். கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகும். காயிலை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது பாதி தொழிற்சாலைகளில். உருகினால் அயனிகளே நடமாடத் தொடங்கும். மின்முனைக்குப் போய்ச் சேர்ந்து பொருளே பிரிந்துவிடும். 1807-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி உருகிய காஸ்டிக் சோடாவிலிருந்து (சோடியம் ஹைட்ராக்சைடு) சோடியத்தைப் பிரித்தது இப்படித்தான். இன்று உருகிய உப்பிலிருந்தே எடுக்கிறார்கள். கால்சியம் குளோரைடு கலந்தால் 600 டிகிரி வாக்கிலேயே வேலை நடக்கும்.

விதிவிலக்கும் உண்டு: சில்வர் அயோடைடு 147 டிகிரிக்கு மேல் உருகாமலேயே நன்றாகக் கடத்தும். அயோடைடு அயனிகள் அசையாமல் நிற்க, வெள்ளி அயனிகள் மட்டும் இடையில் புகுந்து ஓடும்.