‘அதெல்லாம் உனக்கெதுக்கு இப்போ?’
வளரிளம் பருவம்: வாசகர் கேள்வி பதில்

மகனுக்கு 13 வயது. சில நாள் காலையில் தானே பெட்ஷீட்டை அலசிப் போடுகிறான். கேட்டால் முகம் கொடுப்பதில்லை. அவன் அப்பாவோ, ‘நமக்கெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தாங்க?’ என்கிறார். அம்மாவான நான் எப்படிப் பேசுவது?
– வாசகி, தருமபுரி

தூக்கத்தில் விந்து வெளியேறியிருக்கும். இந்த வயதில் அது இயல்பு. ஆண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். முதலில் விதைகள் பெரிதாகும். குரல் உடைவதெல்லாம் பிறகுதான். பல பையன்களுக்கு மார்புக் காம்பின் அடியில் சின்னக் கட்டி போல வந்து, தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானே வடிந்துவிடும். அது தெரியாமல் சட்டையைக் கழற்றவே பயந்து திரியும் பிள்ளைகள் உண்டு.

அம்மா தாராளமாகப் பேசலாம். எதிரில் உட்கார வைத்துப் பேச வேண்டாம். துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ சொல்லுங்கள்: ‘தூக்கத்துல ஈரமாயிடுச்சுன்னா பயப்படாதடா. அது விந்து. உன் வயசுல வர்றதுதான். துணியை வாளியில போட்டுடு, யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.’ அன்றைக்கு அவ்வளவு போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டினால் அடுத்த முறை அவன் உங்கள் பக்கமே வரமாட்டான்.

இன்னொரு நாள் சொல்ல வேண்டியது: ‘ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம்’ என்பது பொய். ஒரு முறை வெளியேறுவது சுமார் 2 முதல் 5 மில்லி. அதில் பெரும்பகுதி விந்துப் பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். விந்தணு தினமும் புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது. சுய இன்பத்தால் நரம்பு தளராது, கன்னம் ஒட்டாது, பிற்காலத்தில் பிள்ளை இல்லாமல் போகாது. இதை வீட்டில் சொல்லாவிட்டால், நள்ளிரவு டிவி விளம்பரமும் லாட்ஜில் ரூம் போட்டிருக்கும் வைத்தியரும் வேறு விதமாகச் சொல்வார்கள். பையன் பயத்திலேயே பணம் கட்டுவான்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். இனப்பெருக்கப் பாடத்தை ‘நீங்களே படிச்சுக்கோங்க’ என்று விடாமல் ஒழுங்காக நடத்த ஆசை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ என்றும் பயம்.
– வாசகி, விருதுநகர்

முதலில் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் என்ன நடத்தப் போகிறீர்கள் என்று புத்தகத்தைப் பிரித்தே காட்டுங்கள். கற்பனையில் வளர்வதுதான் அவர்கள் பயம். பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். முதலாவதில் படமும் பெயர்களும் மட்டும். ஆணுறுப்பு, விதைப்பை, பெண்ணுறுப்பு, கருப்பை என்பவற்றை ‘சிறுநீரகம்’ என்று சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். சிரிப்பு வரும், வரட்டும். அதட்டினால், இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நாப்கின் பேச்சு வந்ததும் பையன்களை மைதானத்துக்கு அனுப்புவது எங்கும் நடக்கும் பெரிய தவறு. மாதவிடாய் தெரியாத பையன்தான் பாவாடைக் கறையைப் பார்த்துச் சிரிக்கிறான். சேர்த்தே நடத்துங்கள், கடைசி 15 நிமிடம் வேண்டுமானால் தனித்தனியாக.

இரண்டாவது பாடவேளைக்கு முன் கேள்விப் பெட்டி வையுங்கள். ஒரே அளவுத் துண்டுச் சீட்டு, எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் பிடித்த சாப்பாட்டின் பெயரையாவது எழுதட்டும். அப்போதுதான் எழுதியது யார் என்று தெரியாது. பெட்டியை வகுப்பில் திறக்காதீர்கள். மாலையில் தனியாகப் படித்து, உடல் பற்றியவை, உறவு பற்றியவை என்று பிரியுங்கள். யாரோ துன்புறுத்துவதாகத் தோன்றும் சீட்டு இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அதை ஒருபோதும் உரக்கப் படிக்கக் கூடாது. ‘யாராவது உங்களைத் தொந்தரவு செய்தால் மதியம் லேபில் இருப்பேன், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம்’ என்று பொதுவாகச் சொல்லுங்கள். பிள்ளை வந்து பேசும்போது ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். ‘உன்னைக் காப்பாத்த யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்’ என்பதே நேர்மையான வாக்கு.

பிறகு கரும்பலகையில் இரண்டு பத்தி: ‘ஆம்பளைன்னா’, ‘பொம்பளைன்னா’. பிள்ளைகளே நிரப்பட்டும். அழக் கூடாது, சத்தமாச் சிரிக்கக் கூடாது, பைக் ஓட்டணும், சமைக்கணும் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இதைச் சொன்னது யார்?’ என்று எழுதச் சொல்லுங்கள். பாட்டி, சினிமா, விளம்பரம், போன், கூட்டாளி என்று பட்டியல் நீளும். கடைசியில் உடல் சொன்னது எது என்று கேளுங்கள். தாடி, மாதவிடாய், கர்ப்பம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு மணி நேர விரிவுரையை விட இந்தப் பத்து நிமிடம் ஆழமாக இறங்கும். கூடவே, ‘வேணாம்னு சொன்ன பெண்ணு பின்னாடி ஹீரோ எத்தனை சீன் போறான்?’ என்றும் கேளுங்கள். பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம் என்பது பலருக்குச் செய்தியாக இருக்கும்.

ஆபாச வீடியோ பற்றிய கேள்வி பெட்டியில் நிச்சயம் இருக்கும். மழுப்ப வேண்டாம். அது நடிப்பு; உறுப்பின் அளவும் நேரமும் ஆள் தேர்வாலும் எடிட்டிங்காலும் வந்தவை; ஒருவர் மற்றவரிடம் ‘உனக்குச் சம்மதமா?’ என்று கேட்பது அதில் அநேகமாக இருக்காது. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை ஃபார்வர்டு செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

மகள் 11 வயதில் வயதுக்கு வந்துவிட்டாள். மண்டபம், ஃப்ளெக்ஸ் வைத்து மஞ்சள் நீராட்டு விழா செய்யச் சொல்கிறார்கள். அவள் வேண்டாமென்று அழுகிறாள்.
– வாசகர், மதுரை

11 இயல்பான வயதுதான். அவள் அழுகையை மொய்க் கணக்கை விடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். அவள் உடலில் நடந்ததைத் தெருமுனை ஃப்ளெக்ஸில் ஊருக்கு அறிவிக்கிறோம். திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டியவள் அவள். அவளுக்குச் சம்மதமென்றால் வீட்டோடு தாய்மாமன் சீர் போதும். தனித்தட்டு, மூலையில் பாய் இரண்டும் வேண்டாம். ரத்தம் அசுத்தம் என்ற எண்ணம் அங்கேதான் பதிகிறது.

அவளுக்கு இப்போது வேண்டியது தகவல். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். முதல் இரண்டு வருடம் 21 முதல் 45 நாள் இடைவெளியில் முன்பின்னாக வரலாம். 7 நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

14 வயது மகனின் நடை, பேச்சு பெண் போல இருப்பதாகச் சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். டாக்டரிடம் காட்டி மாற்ற முடியுமா?
– வாசகி, கடலூர்

மாற்ற வேண்டிய நோய் எதுவும் இல்லை. நடை, உடை ஒன்று; தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு; யார் மேல் ஈர்ப்பு என்பது இன்னும் வேறு. முதலாவதைப் பார்த்து மற்ற இரண்டை யாரும் கணிக்க முடியாது. நாளை அவன் திருநங்கை என்றோ, தன்பால் ஈர்ப்புள்ளவன் என்றோ உணர்ந்தாலும் அதற்கும் மருந்து கிடையாது, தேவையும் இல்லை. அப்படி ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டிருக்கிறது. யாராவது அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கேலியை. காலையில் வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு போடுகிறானா? பாட்டில் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வருகிறதா? ஆண்கள் கழிப்பறையில் சீண்டுவதற்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்கள். வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, பாடவேளையின் நடுவில் அவன் போய்வர அனுமதி கேளுங்கள். வீட்டில் அடுத்த முறை மாமா கேலி செய்யும்போது, மகன் காதுபட ‘அவன் நல்லாத்தான் இருக்கான்’ என்று சொல்லுங்கள்.