ஹராஜுகுவுக்கு எந்த நாள் போவது?

கேள்வி: மே மாதம் டோக்கியோ போகிறோம். ஹராஜுகுவில் விதவிதமாக உடுத்திக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கணும், படம் எடுக்கணும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். என்றைக்குப் போகலாம்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்கு மேல். ஆனால் மகளிடம் ஒன்றை இப்போதே சொல்லிவையுங்கள். இணையத்தில் சுற்றும் படங்களில் பல, இருபது வருடங்களுக்கு முந்தையவை. 1977 முதல் ஞாயிறுகளில் அங்கே வண்டிகளைத் தடுத்துச் சாலையை நடப்பவர்களுக்கே விட்டிருந்தார்கள். அலங்காரக் கூட்டம் திரண்டது அதனால்தான். 1998-ல் அந்த ஏற்பாடு நின்றது. பிறகு ஸ்டேஷனை ஒட்டிய ஜிங்கு பாலத்தில் கூடினார்கள், அதுவும் மெலிந்துவிட்டது. தெருவில் போகிறவர்களைப் படமெடுத்தே 'ஃப்ரூட்ஸ்' இதழை நடத்திய ஷோய்ச்சி ஆவோகி, 2017-ல் அதை நிறுத்தினார். எடுக்கத் தகுந்த ஆட்களே கிடைப்பதில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம், தேடும் இடத்தை மாற்றுங்கள். டோக்கியோவைச் சுற்றிவரும் யாமனோட்டே ரயிலில் ஷிபுயாவுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் ஹராஜுகு. தகேஷிடா வாசலில் இறங்கினால் எதிரே தகேஷிடா தெரு. நானூறு மீட்டர்கூட இல்லை, ஆனால் ஞாயிறன்று நடக்க முடியாது, நகரத்தான் முடியும். பெரும்பாலும் நம்மைப் போன்ற வேடிக்கை பார்ப்பவர்கள்தான். ஒரு நடை போதும். நேரத்தை 'லாஃபோரே' கடைக்கட்டடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1978-ல் திறந்தது, 'லோலிடா' என்கிற, பழங்காலப் பொம்மை போன்ற உடைகளின் கடைகள் அங்கே உண்டு. அடுக்கடுக்காய் லேஸ், புடைத்த பாவாடை, தலையில் பானெட் தொப்பி என்று வருகிறவர்களை அங்கேதான் பார்க்கலாம். அவர்கள் வாங்க வருகிறார்கள், காட்சி தர அல்ல. பழைய துணிக் கடைகள் பின்தெருக்களில் இருக்கின்றன. இன்றைய இளைஞர்களின் உடுப்பு ரசனை தெரிய வேண்டுமானால், என்னைக் கேட்டால், கேட் ஸ்ட்ரீட் பக்கம் நடப்பதே மேல்.

படம் எடுக்குமுன் கேட்டே ஆக வேண்டும். "ஷாஷின் ஓ தொத்தே மோ ஈ தெஸ்கா?" (படம் எடுக்கலாமா?) இதை மகள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். சரியென்றால் குடையைச் சாய்த்து, கால்விரல்களை உள்நோக்கி வைத்து அவர்களே நின்றுகொள்வார்கள். முகத்துக்கு முன்னே கையைக் குறுக்காக ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டாவது முறை கேட்கக் கூடாது. தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுப்பது திருட்டுத்தனம். கடைக்குள் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

தகேஷிடா தெருவில் க்ரேப் (இனிப்பு வைத்துச் சுருட்டிய மெல்லிய தோசை மாதிரி) சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. மாவில் முட்டை உண்டு, சைவக்காரர்கள் கவனிக்க. சாப்பிட்ட காகிதத்தைப் போடக் குப்பைத்தொட்டி எளிதில் கிடைக்காது, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.