உடம்பு சரியில்லாமல் இரண்டு வருடம் நிறுத்தி வைத்த பைக்கை மறுபடி ஓட்ட என்ன செய்ய வேண்டும்?

பெட்ரோலை ஊற்றி நேராகக் கிக்கரை உதைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நானும் அதைத்தான் செய்யப் போனேன். என் மனைவி சாவியைத் தர மறுத்ததால் அன்று அது நடக்கவில்லை. பிறகு வண்டியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அவள் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறாள் என்று புரிந்தது.

என்னுடையது 2006 ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். கிக் மட்டும்தான், செல்ஃப் கிடையாது. வீடு கும்பகோணத்தில். 14 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. பதினைந்து வருடம் தினமும் அந்த வண்டியில்தான் போய் வந்தேன். 2021 நவம்பரில் நாலு நாள் வயிற்றுப்போக்கு வந்து நின்றது. அதற்கடுத்த இரண்டாவது வாரம், காலையில் எழுந்தபோது உள்ளங்கால் இரண்டும் மதமதவென்று இருந்தன. மூன்றாம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. ஐந்தாம் நாள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கில்லன் பாரே என்றார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி வழிதவறி நம் நரம்புகளையே தாக்கும் நோய். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள், ஏறுவது நின்றது. அப்புறம் வாக்கர், கணுக்காலுக்கு ஸ்பிளிண்ட், பிசியோதெரபி. வண்டி மாடிப்படிக்கு அடியில் 26 மாதம் நின்றது.

இந்த மாதிரி வண்டியைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் இன்ஜினைப் பற்றியே கேட்கிறார்கள். இன்ஜினை ஒரு நல்ல மெக்கானிக் எப்படியும் கிளப்பிவிடுவார். கிளம்பின வண்டி நிற்குமா, அதை நிறுத்த உங்கள் காலுக்குத் தெம்பு இருக்கிறதா, இந்த இரண்டுக்கும்தான் எனக்கு நாள் பிடித்தது. என் மெக்கானிக் பாய் வந்து பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தையே, "சார், முதல்ல நிக்குமான்னு பாத்துருவோம். ஓடுறது அப்புறம்" என்பதுதான்.

வண்டியைப் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தோம். அது தப்பு. ஈரம் உள்ளேயே தங்கி, செயின், ஸ்போக்ஸ், ஸ்டாண்டு ஸ்பிரிங் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. பழைய பருத்திச் சேலையைப் போர்த்தியிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும். சீட்டைக் கழற்றினால் எலி வயரைக் கடித்து இரண்டு இடத்தில் செம்பு தெரிந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் என் பையனுடைய பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அந்தத் தாள் துணுக்குகளை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்ரேட்டர் இழுத்திருக்கும். பெட்ரோலுக்குப் பக்கத்தில் செம்பு தெரியும் வயர் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் மண் அடைத்திருந்தது. குளவி கூடு கட்டியிருக்கிறது. பாய் ஸ்க்ரூடிரைவரால் கிண்டினார். செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது. உள்ளே அறை அறையாக இருந்தது, ஒவ்வொரு அறையிலும் கால் சுருட்டிக் காய்ந்துபோன சின்னச் சின்னச் சிலந்திகள். குளவி தன் புழுவுக்குச் சேர்த்து வைத்த சாப்பாடு. எனக்கு நடக்க முடியாமல் இருந்த நாட்களில் அங்கே ஒரு குடும்பமே நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வண்டியிலும் சைலன்சர் வாயைக் கட்டாயம் பாருங்கள்.

டேங்க் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வரவில்லை, வார்னிஷ் வாசனை வந்தது. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கித் துருவைக் கிளப்பும். பழைய பெட்ரோலோடு புதுப் பெட்ரோலைக் கலந்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முழுக்க இறக்கிவிடுங்கள். எங்கள் டேங்கில் துரு அதிகம் என்பதால் பாய் ஒரு கை நிறைய இரும்பு நட்டுகளை உள்ளே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, டேங்கைத் தாலாட்டுவதுபோல் அரை மணி நேரம் ஆட்டினார். மூன்று முறை கழுவிய பிறகே தண்ணீர் நிறத்தில் வந்தது. பெட்ரோல் டியூப் விறைத்துப்போயிருந்தது, மாற்றினோம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது என்பதால், பழைய வண்டிகளில் டியூபையும் ரப்பர் வாஷர்களையும் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் பசை மாதிரி மஞ்சளாகப் படிந்திருந்தது. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் முழுக்க அடைப்பு. அதைக் குண்டூசியால் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதாகிவிட்டால் மைலேஜும் போகும், ஐடிலிங்கும் நிற்காது. வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியும் கிளீனர் ஸ்ப்ரேயும் போதும்.

இன்ஜினுக்கு வருகிறேன். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விட்டுவிட்டோம். மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி நாலைந்து சுற்று சுற்றினோம். இறுகியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும், பலம் கொடுக்கக் கூடாது. பழைய ஆயிலை இறக்கியபோது நல்ல வேளை கறுப்பாகத்தான் வந்தது. பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். புது 10டபிள்யூ-30 ஆயில் 900 மில்லி, புது பிளக். ஏழாவது உதையில் கிளம்பியது. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து மனைவி ஓடிவந்தாள். இரண்டு பேருக்கும் பேச வரவில்லை.

பேட்டரி செத்திருந்தது. என் மாதிரிப் பழைய கிக் வண்டி பேட்டரி இல்லாமலும் கிளம்பும். ஆனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எதுவும் வராது. பின்னால் வருபவனுக்கு நீங்கள் பிரேக் பிடித்தது தெரியாது. அதனால் பேட்டரியை ஒத்திப்போடாதீர்கள். உங்களுடையது 2020-க்குப் பிறகு புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டி என்றால் நிலைமையே வேறு. பெரும்பாலும் அதில் பெட்ரோல் பம்பு ஓட பேட்டரி வேண்டும்.

இனி பிரேக். பின் பிரேக்கைக் கையால் அழுத்திவிட்டால் பெடல் திரும்பி வரவில்லை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம்முக்குள் பிரேக் ஷூவை விரிக்கும் கேம் துருவில் இறுகிவிட்டது. சக்கரத்தைக் கழற்றி ஷூவை வெளியே எடுத்தால், ஒரு ஷூவில் டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் ஒரு ஓரமாகப் பெயர்ந்து நின்றது. என் நகத்தை உள்ளே விட்டு நெம்பினேன், பிஸ்கட் மாதிரிக் கழன்று கையில் வந்தது. ஓடும்போது அது கழன்று டிரம்முக்குள் சிக்கியிருந்தால் பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது எதுவுமே தெரியாது, பிரேக் பிடிப்பதுபோலவே இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், நின்ற வண்டியின் இரண்டு சக்கரத்தையும் கழற்றி டிரம்மைக் கண்ணால் பார்க்காமல் தெருவில் இறக்காதீர்கள். டிரம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேமுக்கு அளவாக கிரீஸ் வைத்து, புது ஷூ, புது முன் பிரேக் கேபிள் போட்டோம். டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும் திரவம், ஓட்டாமல் வைத்திருந்தாலும் இரண்டு வருடத்தில் கெட்டுவிடும்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று எனக்கு மாற்ற மனசு வரவில்லை. பாய் டயரை அழுத்திக் காட்டினார், பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். என்னுடையதில் 2216. அதாவது 2016-ம் வருடத்தின் 22-வது வாரம் செய்தது. டயரையும் டியூபையும் மாற்றினேன். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்து, நைன்ட்டி என்னும் கெட்டியான கியர் ஆயில் விட்டதோடு சரி.

இன்னொன்று, கிளட்ச். மாதக்கணக்கில் நின்றால் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லீவரை முழுக்கப் பிடித்திருந்தாலும் கியர் போட்டதும் வண்டி குதிக்கும். முதல் கியரை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பாருங்கள், ரோட்டில் வேண்டாம்.

காகிதங்களையும் மறந்துவிடாதீர்கள். ஆர்சி புக்குக்கு 15 வருடம்தான் ஆயுள். என்னுடையது நான் படுக்கையில் இருந்தபோதே முடிந்துவிட்டது. அப்படி முடிந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸ் போவது சரியில்லை என்று குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனோம். இன்ஷூரன்ஸ் முதலில் எடுக்க வேண்டும். 75 சிசிக்கு மேல் 150 வரை உள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் அப்போது 714 ரூபாயும் ஜிஎஸ்டியும். புகைச் சான்றிதழும் வேண்டும். ஆர்சியை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். நான் போனபோது அதற்குக் கட்டணம் 1000 ரூபாய். 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 2000. உங்கள் லைசென்ஸ் தேதியையும் பாருங்கள். முடிந்து ஒரு வருடத்துக்குள் புதுப்பித்தால் டெஸ்ட் கிடையாது, தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் என்றால் டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள்.

வண்டி பதினொரு நாளில் தயார். நான் தயாராக அதற்குமேல் நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் வாரம் ஒரு நாள் பையனை விட்டுக் கிளப்பி சூடாக்கி வைத்தேன்.

டாக்டரிடம் வண்டி ஓட்டலாமா என்று கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. குதிகாலில் பத்து அடி நடந்து காட்டச் சொன்னார். வலது பாதம் நாலாவது அடியில் தொப்பென்று விழுந்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, என் கால் கட்டைவிரலைப் பிடித்து மேலே கீழே அசைத்து, "இப்ப மேலயா கீழயா?" என்று கேட்டார். பத்தில் நாலு தப்பு. பலம் திரும்பினாலும் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு திரும்ப அதிக நாள் ஆகும் என்றார். ஸ்ப்ளெண்டரில் பின் பிரேக் வலது காலில். கண்ணால் பார்க்காமல் பெடலைத் தேட முடியாத காலோடு ரோட்டில் இறங்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் வீட்டிலேயே பழகினேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல், ஹெல்மெட் போட்டு நேராகப் பார்த்தபடி உட்காருவேன். பையன் பின்னால் நின்றுகொண்டு நினைத்த நேரத்தில் "நாய்!" என்று கத்துவான். உடனே கிளட்ச், முன் பிரேக், பின் பிரேக் மூன்றையும் பிடிக்க வேண்டும். முதல் வாரம் பாதிக்குமேல் கால் பெடலில் விழாமல் ஃபுட்ரெஸ்டிலேயே மிதித்தது. செருப்பை விட்டுவிட்டு அடி மெலிந்த கேன்வாஸ் ஷூ போட்ட பிறகு பெடலின் விளிம்பு உள்ளங்காலில் தெரிய ஆரம்பித்தது. சில சமயம் பாதம் தானாகத் தொங்கி பெடலில் கிடக்கும், எனக்கே தெரியாது. பையன் பிரேக் லைட்டைப் பார்த்து, "அப்பா, எரியுது" என்பான். தொடர்ந்து மூன்று நாள் இருபதுக்கு இருபது சரியாக வந்தால்தான் தெரு என்று பேசி வைத்துக்கொண்டோம். உங்களுக்கு வந்தது எந்த நோயாக இருந்தாலும், உங்கள் வண்டியில் எந்தக் கைக்கும் காலுக்கும் என்ன வேலை என்று டாக்டரிடம் நடித்துக் காட்டிக் கேளுங்கள். "வண்டி ஓட்டலாமா?" என்று மட்டும் கேட்டால் ஸ்கூட்டியா, கியர் வண்டியா, கிக்கா என்று அவருக்குத் தெரியாது.

வெயில் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன். தாராசுரம் கோயில் வாசல்வரை போய்த் திரும்புவது என்று திட்டம். பையன் சைக்கிளில் பின்னால் வந்தான், நான் அவன் வேகத்துக்கே ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் பெடல் உள்ளங்காலில் அழுந்துவது தெரிந்தது. கோயில் வாசலில் நிறுத்தி இறங்கியபோது ஆடுசதை இரண்டும் நடுங்கின. கைப்பிடிச் சுவரில் அரை மணி உட்கார்ந்து, டீ குடித்து, நடுக்கம் நின்ற பிறகே திரும்பினோம். பள்ளிக்கூடம்வரை முழுத் தூரம் ஓட்ட அதற்குப் பிறகு ஆறு வாரம் ஆனது. இப்போதும் பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் ஐந்து நிமிடம் நிறுத்துகிறேன். கிக் உதைப்பதும் சென்டர் ஸ்டாண்டில் போட்டுத்தான்.