கடைசிப் பல்லுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

எனக்கு வயது 34. கீழ்த்தாடையில் ஞானப்பல் முளைக்கவில்லை. எக்ஸ்ரேயிலும் இல்லை. மெத்தென்ற உணவு சாப்பிடுவதுதான் காரணமா?

மெத்தென்ற உணவால் தாடை போதுமான அளவு வளராமல், ஞானப்பல் இடமின்றிச் சிக்கிக்கொள்ளலாம். பல்லே உருவாகாதது வேறு சங்கதி. அது பெரும்பாலும் மரபணு விவகாரம்.

2007இல் கவனா, எவன்ஸ், ஜெர்ன்வால் என்ற மூன்று ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருவின் முதல் கடைவாய்ப்பல் மொட்டிலிருந்து அதன் பின்பகுதித் திசுவை வெட்டிப் பிரித்து, தனியே வளர்த்தார்கள். இரண்டாவது பல் வழக்கத்தைவிட முன்னதாகவே உருவாகி, பெரிதாகவும் வளர்ந்தது. அதாவது முன்னால் தோன்றும் பல், பின்னால் வருவதை அடக்கி வைக்கிறது. சுற்றியுள்ள திசுவோ வளரத் தூண்டுகிறது. தடையின் கை ஓங்கினால் இரண்டாவது பல் கொஞ்சம் சிறுக்கும். மூன்றாவது ரொம்பவே சிறுக்கும், சில சமயம் வராமலே போகும். நம் வாயில் அந்த மூன்றாவது கடைவாய்ப்பல்தான் ஞானப்பல். அதனால்தான் அடி எப்போதும் கடைசிப் பல்லுக்கு.

இதிலிருந்து ஒரு கணக்கும் கிடைத்தது: மூன்று கடைவாய்ப்பற்களில் நடுப்பல்லின் பரப்பு, மூன்றின் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மனிதனின் பழங்கால உறவான ஆஸ்ட்ரலோபித்தேகஸ் வகையினருக்குப் பின்னே போகப் போகப் பல் பெரிதாகும். நம் ஹோமோ பேரினத்தில் இது தலைகீழ்.

எல்லாப் பாலூட்டிகளும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுமா?

இல்லை. கரடியின் கீழ்த்தாடையில் பெரும்பாலும் நடுப்பல்தான் பெரியது. விதி என்பதைவிட, எளிதான பாதை என்று சொல்லலாம். பரிணாமம் அதில்தான் அடிக்கடி போகிறது.

எலியின் முன்பல் ஏன் வளர்ந்துகொண்டே இருக்கிறது?

அதன் அடியில், புதுச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. நமக்குப் பல் முளைத்ததும் எனாமல் உண்டாக்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன.

பல்லின் மேலுள்ள ஒவ்வொரு முகட்டுக்கும் தனித்தனி மரபணு உண்டா?

தேவையே இல்லை. எனாமல் முடிச்சு என்ற சிறு செல் கூட்டம் ஒவ்வொரு முகடும் வரும் இடத்தில் தோன்றும். தான் பெருகாது, அக்கம்பக்கத்துச் செல்களைப் பெருகச் சொல்லும். கூடவே, தனக்குப் பக்கத்தில் இன்னொரு முடிச்சு வராமலும் தடுக்கும். முடிச்சுகளின் இடைவெளி சற்று மாறினாலே முகடுகளின் எண்ணிக்கை மாறிவிடும். ஃபின்லாந்தை ஒட்டிய ரஷ்யாவின் லடோகா ஏரியில் வாழும் வளையச் சீல்களை (கடல்நாய் வகை) பாருங்கள்: ஒரே இனம்தான், ஆனால் பல் முகடுகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும். கடைசியாகத் தோன்றும் சின்ன முகடுகளில்தான் அதிக வேறுபாடு.

இழந்த பல் பரிணாமத்தில் திரும்பி வருமா?

வராது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். பூனைக் குடும்பம் கீழ்த்தாடையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லை எப்போதோ இழந்துவிட்டது. ஆனால் லின்க்ஸ் பூனைகள் சிலவற்றுக்கு அது இருப்பதை 1963இல் ஃபின்லாந்தின் தொல்லுயிரியல் அறிஞர் பியோர்ன் குர்ட்டேன் எழுதினார். எனக்கு இதில் வியப்பில்லை. முதல் பல்லை உண்டாக்கும் ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. தடை கொஞ்சம் தளர்ந்தால், அடுத்த பல்லையும் அதுவே உண்டாக்கிவிட முடியும்.