பாய்ப்படகுப் பந்தயத்தின் முதல் நிமிடம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் நாங்கள் ஆறேழு பேர் ஞாயிறு காலைகளில் ரிமோட் பாய்ப்படகு விடுகிறோம். எல்லாம் 65 சென்டிமீட்டர் டிராகன் ஃபோர்ஸ் படகுகள். புதிதாக வருகிறவர்கள் ஸ்டார்ட்டிலேயே கடைசியாகி, இரண்டு வாரத்தில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். விதிகளை அச்செடுத்துக் கொடுத்தும் பயனில்லை. எப்படிச் சொல்லித்தருவது?

வாசகர், அல்சூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் நிறுத்தச் சொல்லித்தாருங்கள். பாய்ப்படகில் பிரேக் கிடையாது. இரண்டு மிதவைகளுக்கு நடுவே உள்ள ஸ்டார்ட் கோட்டருகே நாற்பது நொடி முன்னதாகவே வந்துவிட்ட புதியவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. பாயைத் தளர்த்தி, துணி படபடக்க, ஒரு மிதவையின் பக்கத்தில் அரை நிமிடம் படகை ஏறக்குறைய நகராமல் வைத்திருக்கப் பழகட்டும். முழுக்க நின்றுவிட்டால் சுக்கான் வேலை செய்யாது, அதனால் சிறு நகர்வு இருக்க வேண்டும். அப்புறம் பாயை இழுத்து, படகு முழு வேகம் பிடிக்க எத்தனை நொடி ஆகிறதென்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டுக்கு அத்தனை நொடி முன்பு பாயை இழுக்க வேண்டும் என்பது அதோடு புரிந்துவிடும்.

ஒரு ஞாயிறு முழுக்க ஸ்டார்ட் மட்டும் வையுங்கள். ரேடியோ படகு விதிப்படி எச்சரிக்கை, ஆயத்தம், ஸ்டார்ட் என ஒரு நிமிட இடைவெளியில் மூன்று ஒலி. கடைசி நிமிடத்தில் பத்து நொடிக்கு ஒரு முறை, கடைசிப் பத்தில் ஒவ்வொரு நொடியும் குரல். ஃபோனில் பதிந்து ஒலிபரப்புங்கள். இருபது மீட்டர் போனதும் எல்லாரும் திரும்பட்டும். ஒரு மணி நேரத்தில் பத்து ஸ்டார்ட்டுக்கு மேல் கிடைக்கும்.

புதியவர் கரையில் எங்கே நிற்கிறார் என்பதையும் பாருங்கள். நான் பழகிய நாட்களில் கோடு எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து, இரண்டு மிதவையும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில் நிறுத்தினார். அன்று முதல்தான் என் படகு கோட்டுக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று தெரிந்தது. அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

விதிகளில் இப்போதைக்கு மூன்று போதும். காற்று படகின் வலப்பக்கம் அடித்தால் வழி உங்களுக்கு. இருவருக்கும் ஒரே பக்கக் காற்றென்றால், காற்று வரும் பக்கம் இருப்பவர் ஒதுங்க வேண்டும். முன்கூட்டியே கோட்டைத் தாண்டியவர் எல்லாருக்கும் வழிவிட்டுத் திரும்பி வந்து, புதிதாகத் தொடங்க வேண்டும்.

கோட்டின் வலது முனைக்குப் புதியவர்களை அனுப்பாதீர்கள். அனுபவசாலிகள் அங்கேதான் நெருக்குவார்கள். மிதவைக்கும், காற்று போகும் பக்கம் இருக்கும் படகுக்கும் நடுவில் புகுந்து வழி கேட்க ஸ்டார்ட்டில் உரிமை கிடையாது. புதியவர் மாட்டுவது பெரும்பாலும் அந்தச் சந்தில்தான். நடுவில், இரண்டு நொடி தாமதமாக, ஆனால் முழு வேகத்தில் கோட்டைத் தாண்டட்டும். மறைப்பில்லாத காற்று கிடைக்கும், முதல் மிதவைக்குப் போகும்போது கூட்டத்தோடு இருப்பார். அந்த மகிழ்ச்சியை அவர் ஒரு முறை அனுபவிக்க வேண்டும்.

இன்னொன்று, கரையிலிருந்து நான்கு பேர் ஒரே சமயத்தில் கத்தினால் யாருக்கும் கை ஓடாது. ஒரு குரல் போதும். அடுத்த ஞாயிறு நீங்கள் உங்கள் படகை இறக்காமல், புதியவர் பக்கத்தில் நின்று அவரோடு சேர்ந்து எண்ணுங்கள்.